கரைக் கேபிளா, வெயிலா? சின்னப் படகுக்குக் கரண்ட் கொடுக்கும் வழிகள்

துறையிலிருந்து என் படகுக்குக் கரண்ட் கொண்டுவரும் கரைக் கேபிளை ஒருநாள் கழற்றியபோது, பிளக்கின் மூன்று துளைகளில் ஒன்றைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் இளகி உறைந்திருந்தது. முந்தைய இரவு ஹீட்டரைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். பிரேக்கர் விழவில்லை. விழ வேண்டிய காரணமும் அதற்கு இல்லை, ஓடிய கரண்ட் அளவுக்குள்தான் இருந்தது. பின்னுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே உப்பும் பச்சைக் களிம்பும் ஏறி 0.1 ஓம் தடை உண்டானால் போதும், 20 ஆம்ப் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 40 வாட் சூடு. சாலிடரிங் அயர்ன் ஒன்றை பிளக்குக்குள் செருகி இரவு முழுக்க விட்ட மாதிரி.

அன்றைக்குத்தான் இந்தக் கேபிள் எனக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று யோசிக்க ஆரம்பித்தேன். படகுத்துறையில் பேச்செடுத்தால் எல்லோரும் நேராக கால்வானிக் ஐசொலேட்டரா, ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மரா என்று சண்டைக்கு வருகிறார்கள். கேபிளோடு வரும் உலோக அரிப்பைத் தடுக்கும் கருவிகள் அவை, பின்னால் வருகிறேன். அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, கேபிள் இல்லாமல் உங்கள் படகு ஓடுமா என்பது. அதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும்.

இரவு நாலு எல்.இ.டி. விளக்கு, ஒவ்வொன்றும் 3 வாட், நாலு மணி நேரம்: 48 வாட்-மணி. இரண்டு போன் சார்ஜ் செய்ய 30. ஜி.பி.எஸ்.ஸும் ஆழம் காட்டும் கருவியும் சேர்ந்து 10 வாட், ஆறு மணி நேரம் ஓடினால் 60. அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் 4 ஆம்ப் இழுத்தாலும் நாளுக்குப் பத்து நிமிடம்தான், 8 வாட்-மணி. மொத்தம் 150-ஐத் தொடவில்லை. 100 ஆம்ப்-மணி லெட் ஆசிட் பேட்டரி ஒன்றில் பாதியை மட்டுமே எடுப்பது என்று வைத்துக்கொண்டாலும் 600 வாட்-மணி கையில் இருக்கிறது. அதாவது சூரியனே எட்டிப் பார்க்காவிட்டாலும் நாலு நாள் ஓட்டலாம். நல்ல வெயிலில் கூரையில் படுக்கவைத்த 100 வாட் சோலார் பேனல் ஒரு நாளைக்கு 300 முதல் 400 வாட்-மணி கொடுக்கும். இந்தப் படகுக்குக் கரைக் கேபிள் எதற்கு?

12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வைத்தால் கணக்கு மாறும். 45 வாட், நாளில் பாதி நேரம் ஓடினால் 540. இப்போது 200 வாட்டுக்கு மேல் பேனலும் இரண்டாவது பேட்டரியும் தேவை. அதுவும் முடிகிற காரியம்தான். முடியாதது எதுவென்றால் சூடாக்குவதும் குளிரவைப்பதும். 1,500 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் ஓடினால் 12,000 வாட்-மணி, அதாவது 100 ஆம்ப்-மணி பேட்டரி பத்தை அடிவரை காலி செய்ய வேண்டும். ஏ.சி.யும் இந்த ரகம்தான். ராத்திரி முழுக்க ஹீட்டர் அல்லது ஏ.சி. வேண்டுமென்றால் கேபிள் வேண்டும், அதில் சமாதானத்துக்கு இடமில்லை. மற்றவர்கள் ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

சரி, கேபிளே வேண்டாம், பேனலும் பேட்டரியும் போதும் என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு விஷயம். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கிறார்கள். ஷாக் அடிக்காது, எரிக்கும். இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் நல்ல ஸ்டார்ட்டர் பேட்டரி ஆயிரம் ஆம்புக்கு மேல் கக்கும். அதனால்தான் பேட்டரியிலிருந்து கிளம்பும் பாசிட்டிவ் வயரில் ஃபியூஸ் எவ்வளவு தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதற்கே அளவு வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் படகுத் தரமான ஏ.பி.ஒய்.சி. ஈ-11 சொல்வது 7 அங்குலம், அதாவது ஏறக்குறைய 18 சென்டிமீட்டர். வயருக்கு உறை போட்டிருந்தால் கொஞ்சம் தளர்த்துகிறது, ஆனால் ஃபியூஸே வேண்டாம் என்று எங்கும் சொல்லவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் வயர் மட்டும் விதிவிலக்கு. வீட்டு வயரிங்கில் போடும் ஒற்றைக் கம்பி வயரைப் படகில் போடாதீர்கள், ஆட்டத்திலும் அதிர்விலும் முறிந்துவிடும். பல இழை முறுக்கிய, வெள்ளீயம் பூசிய செப்பு வயர்தான் உப்புக் காற்றில் நிற்கும்.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். பேனலின் மேல் பாய்மரக் கம்பத்தின் நிழல் ஒரு கோடாக விழுந்தாலே உற்பத்தி கண்ணுக்குத் தெரிந்து சரியும். மழை விடாமல் பெய்யும் வாரத்தில் பம்ப் அடிக்கடி ஓடும், பேனலோ தூங்கும். இரண்டும் ஒரே வாரத்தில் வருவதுதான் சிக்கல். ஆனாலும் பகலில் போய் மாலை திரும்பும் படகுக்கு, மாதத்தில் ஓரிரு இரவு மட்டும் தங்கும் படகுக்கு, என் ஓட்டு இதற்குத்தான். கரையோடு வயர் தொடர்பே இல்லையென்றால் கரையிலிருந்து வரும் ஆபத்து எதுவும் உங்களுக்கு இல்லை.

அடுத்த வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். துறையிலிருந்து வீட்டு எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை இழுத்து, ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, கார் பேட்டரி சார்ஜர் ஒன்றைத் தரையில் வைத்து ஓட்டுவது. எல்லாத் துறையிலும் நாலு படகு இப்படித்தான் நிற்கிறது, நானும் இரண்டு பருவம் இப்படித்தான் செய்தேன், அதனால் யோக்கியன் மாதிரி பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், படகுக்குள் பிரேக்கர் கிடையாது, வயரை யார் இழுத்தாலும் தாங்கிப் பிடிக்க எதுவும் கிடையாது, இரண்டு வயர் சேரும் இடம் மழையில் கிடக்கிறது. பெட்ரோல் இன்ஜின் படகென்றால் இன்னும் மோசம், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில்தான் தேங்கும், அங்கேதான் தீப்பொறித் தடுப்பு இல்லாத அந்தச் சார்ஜரை வைத்திருக்கிறோம். படகு டிரெய்லரில் ஏறித் தரையில் நிற்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, திறந்த இடத்தில் செய்தால் நான் குறை சொல்ல மாட்டேன். தண்ணீரில் நிற்கும்போது வேண்டாம்.

இப்போது முறையான கேபிளுக்கு வருவோம். படகின் வெளிச்சுவரில் கேபிளைச் செருக இதற்கென்றே செய்த இன்லெட், அங்கிருந்து 3 மீட்டருக்குள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாக வெட்டும் பிரேக்கர், கூடவே 30 மில்லி ஆம்ப் கசிவுக்கு 100 மில்லி செகண்டில் வெட்டும் ஆர்.சி.டி. என்ற கசிவு ஸ்விட்ச். ஈ-11-இலும் இதுதான், உலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 13297-இலும் ஏறக்குறைய இதுதான். இரண்டையும் ஒன்றாக வெட்டு என்று ஏன் சொல்கிறார்கள்? துறைக்குத் துறை சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பது உண்டு. ஒன்றை மட்டும் வெட்டும் பிரேக்கர் அப்போது நியூட்ரலை வெட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும், சாதனத்துக்குள் ஃபேஸ் உயிரோடு நிற்கும்.

கேபிளின் அளவைப் பற்றி ஒரு சின்ன விலகல். வட அமெரிக்காவில் சின்னப் படகுக்கு வழக்கமானது 120 வோல்ட், 30 ஆம்ப். ஐரோப்பாவிலும் இன்னும் பல இடங்களிலும் 230 வோல்ட், 16 ஆம்ப், அந்த நீலநிற உருண்டை பிளக். முன்னதில் 3,600 வாட், பின்னதில் 3,680 வாட், கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இணைப்பில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், ஒரே அளவு தடை உள்ள இரண்டு பிளக்கில் 30 ஆம்ப் ஓடுவது 16 ஆம்ப் ஓடுவதைவிட மூன்றரை மடங்கு சூடாகும். 30 ஆம்ப் கேபிள் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பின்களைப் பார்ப்பது வீண் வேலை இல்லை. ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடியபின் பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள், சூடு உறைத்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

கேபிளைப் போட்டதும் எர்த் வயர் ஒரு புதுத் தலைவலியைக் கொண்டுவரும். அந்தப் பச்சை வயர் உங்கள் படகின் தண்ணீருக்கடியில் இருக்கும் உலோகத்தை, துறையில் கேபிள் போட்டிருக்கும் மற்ற எல்லாப் படகுகளின் உலோகத்தோடும் இணைத்துவிடுகிறது. பக்கத்துப் படகில் வெண்கல புரொப்பல்லர், உங்கள் படகில் மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தானே கரையட்டும் என்று மாட்டிய துத்தநாகக் கட்டி, நடுவில் உப்புத் தண்ணீர், மேலே எர்த் வயர். பள்ளிக்கூடத்தில் எலுமிச்சம்பழத்தில் செய்து காட்டிய பேட்டரி இதுதான் (கால்வானிக் அரிப்பு என்பார்கள்), என்ன, இங்கே கரைவது உங்கள் கட்டி. ஒரு வருடம் தாங்க வேண்டிய துத்தநாகத்தை இரண்டு மாதத்தில் நான் எடுத்தபோது, நடுவிலிருந்த இரும்புப் பட்டையில் கொஞ்சம் வெள்ளைப் பொடி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. துத்தநாகம் தீர்ந்தபின் அடுத்து கரையப்போவது புரொப்பல்லர் ஷாஃப்டும், தண்ணீருக்குள் இறங்கும் இன்ஜின் காலும்.

இந்த இடத்தில்தான் துறையில் யாராவது ஒருவர், எர்த் வயரை வெட்டிவிடு, பிரச்சினை தீர்ந்தது என்று யோசனை சொல்வார். துத்தநாகப் பிரச்சினை தீரும், உண்மைதான். ஆனால் அப்புறம் படகில் ஏதாவது ஒரு சாதனத்தில் ஃபேஸ் அதன் உலோக உடம்பைத் தொட்டால், அந்தக் கரண்ட் கரைக்குத் திரும்ப இருக்கும் ஒரே வழி தண்ணீர். நல்ல தண்ணீர் ஏரியிலும் ஆற்றிலும் இது கொல்லும். உப்புத் தண்ணீர் மனித உடம்பைவிட நன்றாகக் கடத்துவதால் கரண்ட் பெரும்பாலும் ஆளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். நல்ல தண்ணீர் மோசமான கடத்தி, அதில் நீந்துகிறவரின் உடம்புதான் சுலபமான பாதை. சுமார் 10 மில்லி ஆம்ப் உடம்பில் ஓடினாலே தசை இறுகிவிடும், கை கால் அசையாது, ஆள் சத்தமில்லாமல் மூழ்கிவிடுவார், உடம்பில் காயம்கூட இருக்காது. கரண்ட் இருக்கும் துறையைச் சுற்றி யாரும் நீந்தக் கூடாது என்பது இதனால்தான். யாராவது தண்ணீரில் விறைத்துப் போவதைப் பார்த்தால் கூடவே குதிக்காதீர்கள், முதலில் துறையின் மெயினை அணையுங்கள், மிதவையை வீசுங்கள்.

எர்த்தை வெட்டாமல் துத்தநாகத்தைக் காப்பாற்ற இரண்டு வழி உண்டு. சுலபமானது கால்வானிக் ஐசொலேட்டர். எர்த் வயரின் நடுவே உட்காரும் ஒரு டப்பா, உள்ளே இரண்டு திசைக்கும் இரண்டிரண்டு டயோடு, அதாவது ஒரு பக்கம் மட்டும் கரண்டை விடும் கதவு. ஒரு டயோடு திறக்க 0.6 வோல்ட் சொச்சம் வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து சுமார் 1.2. கடல் தண்ணீரில் துத்தநாகத்துக்கும் வெண்கலத்துக்கும் உள்ள வித்தியாசம் முக்கால் வோல்ட்டைச் சுற்றித்தான், அதனால் அந்தச் சின்ன கரண்ட் வாசலிலேயே நின்றுவிடும். நிஜமான ஃபேஸ் கோளாறு வந்தால் வோல்ட்டேஜ் கதவை உடைத்துக்கொண்டு போகும், பிரேக்கர் விழும். எளிமையான, அழகான யோசனை. நல்ல தண்ணீரில் மக்னீசியக் கட்டி போடுகிறவர்கள் மட்டும் கவனிக்கணும், வெண்கலத்தோடு அதன் வித்தியாசம் 1.2-ஐயே தாண்டக்கூடியது, ஐசொலேட்டருக்கு விளிம்பு வேலை.

இதன் குறைகள் என்ன? டயோடு கருகி எர்த் அறுந்துபோனால் வெளியே ஒன்றும் தெரியாது, விளக்கு எரியும், ஹீட்டர் ஓடும், எர்த் மட்டும் இருக்காது. ஆகவே கெட்டாலும் எர்த் தொடர்பு விடாத, ‘ஃபெயில் சேஃப்’ என்று எழுதியிருக்கும் ரகத்தைத்தான் வாங்க வேண்டும். படகுக்குள்ளேயே 12 வோல்ட் வயர் ஒன்று தோல் உரிந்து அடித் தண்ணீரில் கிடந்தால், அது உண்டாக்கும் அரிப்பை ஐசொலேட்டர் தொடவே தொடாது. தண்ணீரில் கரை கரண்ட் கசிவதையும் தடுக்காது, அது ஆர்.சி.டி.யின் வேலை. ஐசொலேட்டர் உலோகத்துக்கு, ஆர்.சி.டி. ஆளுக்கு. ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடை பாருங்கள்.

கனமான வழி ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர். கரையின் கரண்ட் ஒரு சுருளில் வந்து நின்றுவிடுகிறது, படகின் கரண்ட் இன்னொரு சுருளில் புதிதாகப் பிறக்கிறது, நடுவில் காந்தப்புலம் தவிர எந்தத் தொடர்பும் இல்லை. படகின் நியூட்ரலையும் எர்த்தையும் ட்ரான்ஸ்ஃபார்மரின் இந்தப் பக்கத்திலேயே இணைத்துவிடுகிறோம். கரை எர்த்தோடு தொடர்பு இல்லாததால் கால்வானிக் சங்கதியே கிடையாது, மக்னீசியமோ துத்தநாகமோ கவலையில்லை. அதைவிடப் பெரிய லாபம், படகில் கசியும் கரண்டுக்குத் திரும்பிப் போகும் வீடு கரையில் இல்லை, ட்ரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. தண்ணீர் வழியாகக் கரைக்கு ஓட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. துறையில் ஃபேஸ், நியூட்ரல் மாறிக் கிடந்தாலும் உங்களுக்குப் பாதகமில்லை.

ஆனால் விலை ஐசொலேட்டரைப்போல் பல மடங்கு. 3.6 கிலோவாட் ரகம் 20 கிலோவைத் தாண்டும், ஆறு மீட்டர் படகில் அதை ஒரு பக்கமாக வைத்தால் படகு சாய்வதே தெரியும். லேசாக முனகும், சூடாகும், காற்று வேண்டும். ஸ்விட்ச் போடும் நொடியில் ஒரு பெரிய இழுப்பு இழுத்துத் துறையின் பிரேக்கரைத் தள்ளிவிடும், மெதுவாகத் தொடங்கும் ‘சாஃப்ட் ஸ்டார்ட்’ இருக்கும் ரகம்தான் சரி. இன்னொன்று, இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்: ட்ரான்ஸ்ஃபார்மரை மாட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் கரையின் பச்சை வயரையும் படகின் எர்த் பட்டையில் சேர்த்து முறுக்கியிருந்தார் மாட்டியவர். அத்தனை செலவும் கனமும் அந்த ஒரு முறுக்கில் வீண். ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னாலும் படகுக்கென்று தனி ஆர்.சி.டி. வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள், கரையிலிருக்கும் ஆர்.சி.டி.க்கு இந்தப் பக்கத்துக் கசிவு தெரியவே தெரியாது.

இரும்பு அல்லது அலுமினிய உடல் கொண்ட படகு மாதக்கணக்கில் கேபிளோடு நிற்கப் போகிறதென்றால் நான் யோசிக்காமல் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் போவேன், அங்கே கரைவது கட்டி மட்டும் இல்லை, படகே. ஃபைபர் உடல், ஒரு வெண்கல புரொப்பல்லர், வாரக்கடைசியில் மட்டும் கேபிள் என்றால் ஐசொலேட்டர் தாராளம். அவுட்போர்டு இன்ஜினைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நிறுத்தும் படகுக்கு அதுகூட அவசரமில்லை, தண்ணீரில் உலோகமே இல்லையே.

நடுவில் ஒரு வழி உண்டு, நான் கடைசியில் போனது இதில்தான். கரை கரண்ட் பேட்டரி சார்ஜர் ஒன்றுக்கு மட்டும் போகும், படகின் சாக்கெட்டுகள் எல்லாம் இன்வெர்ட்டரிலிருந்து வரும். 120-ஆ 230-ஆ, 50 ஹெர்ட்ஸா 60-ஆ என்ற கவலையைச் சார்ஜரே பார்த்துக்கொள்ளும், அதற்கு இரண்டையும் ஏற்கும் ரகமாக வாங்க வேண்டும். துறையில் 6 ஆம்ப்தான் கிடைக்கும் என்றாலும் பேட்டரி மெதுவாக நிரம்பும், காலையில் கெட்டில் வைக்கலாம். கெட்டிலைக் குறைவாக எடைபோடாதீர்கள், 2,000 வாட் என்றால் 12 வோல்ட் பக்கம் இழப்பு சேர்த்து 180 ஆம்புக்கு மேல், அந்த வயர் கட்டைவிரல் தடிமன் இருக்கும். ஏ.சி.யும் ராத்திரி ஹீட்டரும் இதில் நடக்காது.

இதிலும் இரண்டு பொறி இருக்கிறது. சார்ஜரின் உலோக உடம்பு கரை எர்த்தில், படகின் நெகட்டிவும் அதே எர்த்தில் என்றால் துத்தநாகம் கரையும் அந்தச் சுற்று மறுபடி முழுமையாகிவிடும், ஆகவே ஐசொலேட்டர் இங்கேயும் வேண்டும். மலிவு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது, அப்படியென்றால் அதற்குப் பின்னால் மாட்டிய ஆர்.சி.டி. வெறும் அலங்காரம், கசிவு திரும்பிப் போக வழியில்லாததால் அது எதையும் பார்க்காது. இரண்டும் ஒன்றான இன்வெர்ட்டர்-சார்ஜரில் கரை கரண்ட் வந்ததும் நியூட்ரல்-எர்த் இணைப்பு தானாக விலக வேண்டும், இன்வெர்ட்டர் ஓடும்போது தானாகச் சேர வேண்டும். வாங்கும்போது இதைக் கேளுங்கள், பதிலுக்குத் தடுமாறினால் புரிந்துகொள்ளுங்கள்.

மாட்டும் வரிசை எந்த வழிக்கும் ஒன்றுதான்: துறை பிரேக்கர் அணைந்திருக்க, முதலில் படகு முனை, அப்புறம் துறை முனை, கடைசியில் பிரேக்கர். கழற்றும்போது அப்படியே திருப்பி. உயிருள்ள கேபிள் முனை தண்ணீரில் விழக்கூடாது, அவ்வளவுதான் காரணம்.

வயரை வெளியிலிருந்தே கவ்வி மில்லி ஆம்ப் காட்டும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை யாரிடமாவது கடன் வாங்குங்கள். முழு கேபிளையும் அதன் வாய்க்குள் விட்டால் போன கரண்டும் வந்த கரண்டும் கழிந்து 0 வர வேண்டும், வராவிட்டால் மிச்சம் தண்ணீரில் போகிறது. ஹீட்டருக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் நேரடிக் கேபிள் இருந்த காலத்தில் நான் இதைச் செய்தேன். எல்லாம் அணைந்திருந்தபோது 0. வாட்டர் ஹீட்டரைப் போட்டதும் 3. போர்டைத் திறந்து ஃபேஸையும் நியூட்ரலையும் மட்டும் சேர்த்துப் பிடித்தேன், 13 மில்லி ஆம்ப். பத்து எர்த் வயரில் திரும்பிக்கொண்டிருந்தது, மூன்று தண்ணீரில். 30 ஆகாததால் ஆர்.சி.டி. வாயே திறக்கவில்லை. எலிமென்ட்டைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தேன், உறையில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு, அதன் ஓரத்தில் பச்சை.